பூனைக்கு வைத்த என் பெயர்

மதகடிப்பட்டுச் சந்தைக்குக் கொஞ்சம் முன்னால், விழுப்புரம் ரோட்டை ஒட்டி, நீலத் தகரம் போட்ட ஒரு குடோன் நிற்கிறது. அது நான் கட்டியது. அதற்கு முன்னால் இருக்கும் மாட்டுத்தீவனக் கடை நான் கட்டியது. நான் வாங்கும்போது அந்த இடம் ஒரு தூறல் போட்டாலே தவளை கத்துகிற பள்ளம். ஊரில் ஒருத்தரும் சீந்தவில்லை. வாங்கினவனைப் பைத்தியக்காரன் என்றார்கள். ஏரி வண்டலை அடித்து அடித்து மேடாக்கினேன். பின்பக்கம் மாடி வீடு எழுப்பினேன். போர் போட வந்தவர்கள் குச்சியைப் பிடித்துக்கொண்டு மனை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் கிடையாது என்றார்கள். நான் காலால் கோடு கிழித்துக் காட்டிய இடத்தில்தான் தண்ணீர் வந்தது. இன்றைக்கும் வற்றவில்லை. மகளைக் குருவிநத்தத்தில் நிலபுலம் உள்ள இடத்தில் கொடுத்தேன். மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். இதையெல்லாம் செய்தவன் படித்தது மூன்றாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில் அடுத்தவன் புண்ணாக்கு மூட்டையை முதுகில் சுமந்து தொடங்கியவன். அப்பா சொத்து என்று எனக்கு வந்தது அவர் பெயர் மட்டும்தான். அதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை, மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதைப் பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. பீற்றிக்கொள்கிற ஆளாக இருந்தால் கோயில் மண்டபத்துக்கு நான் போட்டுக் கொடுத்த தளத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். சொல்ல வந்தது வேறு. இன்று அந்தக் கடையின் போர்டில் என் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. படமாகத்தான். அந்தப் பூனைக்குப் பெயர் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதற்குப் பெயர் வைத்தவன் நான். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

பூனைக்கு வருவதற்கு முன்னால் பேரனைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மகனுக்குப் பிறக்கிற முதல் ஆண் பிள்ளைக்குத் தாத்தா பெயர். அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவது கிடையாது. பொழுது விடிகிற மாதிரி அது தானாக நடக்கும். என் மகனுக்கு என் அப்பா பெயரை வைத்தபோது நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை, யாரும் என்னை ஏன் என்றும் கேட்கவில்லை. அரியூர் ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்திருக்கிறான் என்று போன் வந்தபோது குடோனில் தவிட்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. லோடுமேன்களுக்கும் லாரிக்காரருக்கும் லட்டு வாங்கி வரச் சொல்லி, "நான் பொறந்துட்டேன்டா" என்றேன். அவர்களுக்கு அது புரிந்தது. இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெயர் வைக்கிற நாளில் அத்தை முறைக்காரிதான் குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் என் மகள். குருவிநத்தத்திலிருந்து புடவையும் வெள்ளி அரைஞாணும் எடுத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் சொன்னது என் பெயர் இல்லை. கடைசியில் 'ஷ்' என்று முடிகிற ஒரு பெயர். சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருமே, அந்தச் சத்தம்.

பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவிய பிறகு மகனைக் கூப்பிட்டேன்.

"இன்னா பேருடா இது?"

"நம்பர் பாத்து வெச்சதுப்பா. கூட்டினா நல்லா வருது."

"எம் பேருக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? ஸ்கூல்ல கூப்புட்டா பசங்க சிரிப்பானுங்கப்பா."

"நானும் மூணாவது வரைக்கும் போனவன்தான். ஒருத்தனும் சிரிக்கல."

"அந்தக் கிளாஸ்ல உம் பேர்லயே நாலு பேரு இருந்திருப்பானுங்க. எவன் எவனப் பாத்து சிரிக்கிறது?"

பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பி சொன்னததாம்ப்பா நான் சொன்னேன்" என்றாள். மருமகள் வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண். குரலை உயர்த்திப் பேசமாட்டாள். அவளோடு சண்டை போட முடியாததற்கு அதுதான் காரணம்.

"மாமா, உங்க பேர வெச்சா நான் புள்ளைய எப்படி மாமா கூப்புட்றது? ஒரு நேரம் திட்ட முடியுமா, கைய ஓங்க முடியுமா? அத்தையாலதான் முடியுமா?"

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்வதில்லை. என் மனைவி ரேஷன் கடைக்குப் போய், குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து "நீ சொல்லேம்மா" என்பாள். என் அம்மாவும் அப்படித்தான். என் மகனுக்கு அவள் புருஷன் பெயரை வைத்ததால் கடைசி வரைக்கும் அவனை "சின்னவரே" என்றுதான் கூப்பிட்டாள். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் சின்னவர்தான். அதனால் என்ன குறைந்துபோனது? கூப்பிட ஆயிரம் வழி இருக்கிறது. மருமகள் சொன்னதைச் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வாயில் வராவிட்டால் போகட்டும், எழுத்திலாவது இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். பிறப்பைப் பதிகிற கொம்யூன் ஆபீஸில் அந்த 'ஷ்'தான் பதிவானது.

என் மனைவி, "உடுங்க, புள்ள நல்லா இருந்தா போதும்" என்றாள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். அதுவா பேச்சு?

அவன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில் குடோனில் எலி சேர்ந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தரையெல்லாம் புண்ணாக்குத் தூளும் தவிடும். மூட்டைக்கு மூட்டை ஓட்டை. மருந்து வைக்க முடியாது, ஒரு பிடி தீவனத்தில் கலந்துவிட்டால் யார் வீட்டு மாடோ போய்விடும். மகன் என்னவோ மின்சாரப் பெட்டி வாங்கி மாட்டினான். அது பச்சை விளக்கு எரிந்துகொண்டு தொங்கியது. எலி அதன் ஒயரைக் கடித்துவிட்டது.

மகள் வீட்டு வைக்கோல் போரில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு நானே குருவிநத்தம் போனேன். பெட்டையை எடுத்தால் குடோன் குட்டிகளால் நிறைந்துவிடும். பார்த்துப் பார்த்துக் கடுவன் குட்டி ஒன்றை எடுத்தேன். சாம்பல் நிறம். நெற்றியில் கறுப்புக் கோடு. ஒரு காதின் நுனி மடிந்திருக்கும். அந்த மடிந்த காதைப் பார்த்து மகள், "வேற ஒண்ணு எடுப்பா, இது ஊனம்" என்றாள். எனக்கு அதன் கண்தான் முக்கியம். கோணிப்பையில் போட்டு, பாகூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி நனைந்துவிட்டது. இன்று அந்தப் பூனையைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் பசுவுக்குப் பெயர் உண்டு. நாய்க்கும் உண்டு. பூனைக்குக் கிடையாது. அது பாட்டுக்கு வரும், போகும். ஆனால் படித்தவர்கள் இருக்கிற வீடாயிற்றே. கூடத்தில் உட்கார்ந்து பேச்சு நடந்தது. மகன் போனைப் பார்த்துப் படித்தான்.

"கோக்கோ. ப்ரூனோ. ஆஸ்கர்."

"டைகர்னு வைங்க" என்றாள் மருமகள். "நெத்தில கோடு கீதே."

"எலியே இன்னும் புடிக்கல, அதுக்குள்ள புலியா?" என்றான் மகன்.

"குட்டின்னா போதாதா?" என்றாள் என் மனைவி.

"அது வளந்துடும்மா. அப்பறம் குட்டின்னு எப்படிக் கூப்புட்றது?"

நான் டிவியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேரன் பெயருக்குத்தான் என்னைக் கேட்கவில்லை, பூனை பெயருக்காவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. கோக்கோவா டைகரா என்று முடிவாகாமலே சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே பூனை விளையாட்டாகப் பேரன் கையில் கீறிவிட்டது. பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். பூனைக்கும் போட்டுவிட வேண்டும் என்று மருமகள் பிடித்தபிடியாக நின்றாள். மகனுக்கு வேலை. நான்தான் மறுபடியும் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்.

"பேரு?"

சொன்னேன்.

எழுதிக்கொண்டார். "பூனை பேரு?"

மறுபடியும் அதையே சொன்னேன்.

"உங்க பேர எழுதிட்டேன் பெரியவரே. இது பூனைக்கு."

"பூனைக்குத்தாம்பா சொல்றேன். எழுது."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஏன், எழுத எடம் பத்தலியா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா, "தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கிறதில்லியா, எழுதுப்பா" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போனேன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கேட்டார், வாயில் வந்தது. வந்த பிறகு இதைவிட நல்ல பெயர் கிடையாது என்று தெரிந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒரு பூனை இருந்தால் நாளெல்லாம் அதைக் கூப்பிட வேண்டியிருக்கும். சோறு வைக்கக் கூப்பிட வேண்டும், பால் சட்டிக்குப் பக்கத்திலிருந்து துரத்த வேண்டும், குடோனில் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இனிமேல் அந்த வீட்டில் என் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கும். பேரன் வாங்கிக்கொள்ளாததை இது வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் சொன்னேன்.

"அப்பா, வெளாட்றியா?"

"சீட்டுல எழுதியாச்சு."

மருமகள் சுவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாளே. என் மனைவிதான் கேட்டாள்.

"ஏங்க, நான் இதுக்குச் சோறு வைக்கணும்னா இன்னான்னு கூப்புட்றது?"

"பேரச் சொல்லிக் கூப்புடு. பூனைதான."

"பூனைதான். பேரு யாருது?"

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் பெயரை வைத்த அன்றிலிருந்து அந்தப் பூனையை ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் மனைவி அலுமினியத் தட்டைத் தரையில் தட்டுவாள். அதுதான் அவள் கூப்பிடுகிற விதம். மருமகள் "ம், வா" என்பாள். மகன் "ஏய்" என்பான். ஒரு தடவை அது அவன் லேப்டாப் மேல் படுத்திருந்தது. கோபத்தில் வாயைத் திறந்தான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு அதைக் கையால் தள்ளினான். எதிர் வீட்டுக்காரியைக் கேட்டால், "பெரியவரு பேரச் சொல்லித் தெருவுல நின்னு வா வான்னா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். மரியாதையாம். ஒவ்வொருத்தருக்கும் என்மேல் அவ்வளவு மரியாதை.

லோடுமேன்களுக்கும் அதே பிரச்சினை. அவர்களில் மூத்தவனுக்கு வாய் அதிகம். பூனை எடைத்தட்டின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்த ஒரு நாள், எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"மொதலாளி பேரச் சொல்லி நான் இத வெரட்டுனா நாளைக்கு எனக்கு வேல இருக்குமா? இவரு சின்ன மொதலாளிபா. சின்ன மொதலாளி, கொஞ்சம் எழுந்து அந்தாண்ட குந்துங்க. மூட்ட போடணும்."

கடைக்கே சிரிப்பு. மற்ற கடைகளில் சின்ன முதலாளி என்றால் மகன். என் மகன் தன்னைச் 'சார்' என்று கூப்பிடச் சொல்லியிருந்தான், இன்ஜினியர் அல்லவா. அதனால் சின்ன முதலாளி என்கிற இடம் காலியாகக் கிடந்தது. பூனை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வாடிக்கைக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். என் மனைவி, மருமகள் எல்லோருக்கும் அது வசதியாகிவிட்டது. பேரன் வாயிலும் முதலில் வந்த வார்த்தைகளில் "சின்னமோ" என்று ஒன்று இருந்தது.

என் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டவன் நான் ஒருத்தன்தான். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே இருட்டைப் பார்த்துக் கூப்பிடுவேன். முதலில் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெயரை என் வாயால் சொல்வது எனக்கே புதிதாக இருந்தது. நம் பெயரை நாம் எங்கே சொல்கிறோம், சீட்டு எழுதுகிற இடத்தில்தான். என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், சந்தையில் என்னோடு மூட்டை தூக்கியவர்கள். அவர்களில் ஒருத்தரும் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கு நான் அப்பா, மாமா, தாத்தா, முதலாளி, பெரியவர். இவ்வளவு மரியாதையைச் சம்பாதித்ததில் பெயர் போய்விட்டது.

லாரி சமாசாரத்துக்கு வருகிறேன். அது ஊருக்கே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது பாதிதான்.

ஒரு மத்தியானம். தவிட்டு லோடு இறக்கிவிட்டு லாரி கிளம்பத் தயாராக ரோட்டில் பாதி வந்து நின்றது. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் இருந்த கண்ணாடியில் என் கடை முழுசாகத் தெரியும். அதில்தான் பார்த்தேன். கேபினுக்கு மேலே மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயில் பூனை சுருண்டு படுத்திருந்தது. என் மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, இறங்கி ஓடிவந்து லாரியைக் கை காட்டி நிறுத்தினாள். பின்னாலேயே மருமகள். அப்புறம் எதிர் வீட்டுக்காரி, டீக்கடையில் இருந்தவர்கள்.

"ஏம்மா, சீக்கிரம் எறக்குங்க, பின்னால பஸ்ஸுக்காரன் அடிக்கிறான் பாரு" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

யாராவது மேலே ஏறினால் அது மிரண்டு ரோட்டுப் பக்கம் குதிக்கும். அந்தப் பக்கம் பஸ்ஸும் காரும் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டுத்தான் இறக்க வேண்டும். கீழே நின்றவர்கள் கூப்பிட்டார்கள். "பூஸ் பூஸ்" என்றார்கள். "வா வா" என்றார்கள். ஒருத்தர் மியாவ் என்றே கத்தினார். என் மனைவி கையில் தட்டு இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவள் உதடு கூடியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு உதடு அப்படித்தான் கூட வேண்டும். இவ்வளவு வருடத்தில் நான் அதைப் பார்த்தது கிடையாது. வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து ஓடினேன். கழுத்தில் கட்டிய துணியோடு, கன்னத்து நுரையோடு, ரோட்டைப் பாதி தாண்டி நடுவில் நின்று என் பெயரை நானே கத்திக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பஸ்ஸுக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தையும் தாண்டி என் பெயர் விழுப்புரம் ரோட்டில் கேட்டது. பூனை தலையைத் தூக்கியது. அந்த மடிந்த காது லேசாக அசைந்தது. என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் தலையைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது.

குடோனிலிருந்து அந்த வாய்க்காரன் நிதானமாக வெளியே வந்தான். முதுகுத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சின்ன மொதலாளி, எறங்குங்க. வண்டி விழுப்புரம் போவுது. அங்கெல்லாம் உங்கள யாருக்கும் தெரியாது."

பூனை எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. கேபினிலிருந்து கதவு விளிம்புக்கு, அங்கிருந்து அவன் தோளுக்கு. கூட்டம் கை தட்டியது. சலூன்காரரும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கை தட்டினார். நான் ரோட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "ஓரமா போ பெரியவரே" என்று பஸ்ஸுக்காரர் சொன்னார்.

பிறகு என் மனைவியைக் கேட்டேன். "அன்னைக்கு இன்னா சொல்ல வந்த?"

"எப்ப?"

"லாரிகிட்ட."

"ஒண்ணுமில்ல. வெயிலு, தாகமா இருந்துது."

இதையெல்லாம் என் மகன் கடை வாசலில் நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுக்கவில்லை, படம் பிடித்தான். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பாகூரிலிருந்தும் திருபுவனையிலிருந்தும் ஆட்கள், "சின்ன மொதலாளி கடை எது?" என்று கேட்டுக்கொண்டு வந்து பூனையோடு நின்று போட்டோ எடுத்தார்கள். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். லாரி இருக்கிறது. பெண்கள் இருக்கிறார்கள். மியாவ் என்றவர்கூட இருக்கிறார். நான் இல்லை.

"என்ன எங்கடா?"

"வெட்டிட்டேம்ப்பா. மூஞ்சில நுரையோட நடு ரோட்ல கத்திக்கினு இருந்த. உனக்குத்தான் மரியாதையா இருக்காது."

மறுபடியும் மரியாதை.

வீடியோ ஓடிய வேகத்தில் மகன் கடையின் போர்டை மாற்றினான். பெரிய பிளாஸ்டிக் போர்டு, உள்ளே விளக்கு எரியும். மடிந்த காதோடு பூனை படம். அதற்குப் பக்கத்தில் 'சின்ன முதலாளி தீவனம்'. மூட்டைகளிலும் அதே படம், அதே பெயர். பழைய போர்டு நான் கடை திறந்தபோது பெயிண்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத வைத்தது. எழுத்தைச் சரிபார்க்க எனக்குப் படிப்பு போதாது என்று நினைத்து அவர் அவசரமாக எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தையும் கையால் தடவிப் பார்த்து, வளைவு சரியில்லை என்று திரும்ப எழுத வைத்தேன். அந்தத் தகரம் இப்போது போர் மோட்டாருக்கு வெயில் படாமல் மறைப்பாக நிற்கிறது. என் பெயர் உள்பக்கம். மோட்டார் படித்துக்கொண்டிருக்கிறது.

போர்டு திறந்த அன்றைக்குப் பட்டுத்துண்டு போட்டு என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து மகனைக் கேட்டாள், இந்தப் பெயர் எப்படித் தோன்றியது என்று. "என் ஒய்ஃபும் நானும் உக்காந்து யோசிச்சோம்" என்றான். மருமகள் புன்னகை செய்தாள். மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த வாய்க்காரன் ஒரு நிமிஷம் நின்று கேட்டான். பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கினான். அவனுக்கு அது போதும்போலிருக்கிறது. எனக்குப் போதாது.

வந்தவர்கள் போன பிறகு கேட்டேன்.

"ரெண்டு பேரும் எப்படா உக்காந்து யோசிச்சீங்க?"

"எல்லாத்தையும் மைக்ல சொல்லிக்கினு இருக்க முடியுமாப்பா? ஒரு பூனைக்குப் பேரு வெச்சதுக்கு உரிம கேப்பியா நீ?"

"பூனைக்கு யாருடா கேட்டா? பேருக்குக் கேக்கறேன்."

"அந்தப் பேரத்தான் யாருமே கூப்புடலியே."

மருமகள் சமாதானமாகச் சொன்னாள். "மாமா, மொதலாளின்னா அது நீங்கதான மாமா. உங்க பேருதான் உள்ள கீது."

உள்ளேதான் இருக்கிறது, மோட்டார் பக்கம்.

அவள் அன்றைக்குப் பேரன் விஷயத்தில் சொன்னது சரியாகிவிட்டது என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். அவள் சொன்னது சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். என் கணக்கு வேறு. யோசித்துப் பாருங்கள். நான் அன்று மாட்டாஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பூனை கோக்கோ ஆகியிருக்கும். கோக்கோ என்று கூப்பிட யாருக்கும் கூச்சம் இருந்திருக்காது. வாய்க்காரனும் கோக்கோ என்றே விரட்டியிருப்பான். என் பெயரைச் சொல்லக் கூசித்தான் அவர்கள் வேறு பெயர் தேடினார்கள். அப்படி வந்ததுதான் சின்ன முதலாளி. ஊரில் கோக்கோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்க யாராவது பாகூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்களா?

ஆகவே நான் கேட்பது இதுதான். விளக்கு எரிகிற போர்டை மாற்ற வேண்டாம், மாற்றமாட்டார்கள். பேரன் பெயரையும் இனிமேல் மாற்ற முடியாது. ஒவ்வொரு மூட்டையிலும் பூனைப் படத்துக்குக் கீழே, மாட்டுக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்களே, அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். அங்கே 'இந்தப் பூனையைக் கொண்டுவந்து பெயர் வைத்தவர்' என்று போட்டு, என் பெயரை முழுசாக, கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் அதை வாயால் சொல்லத் தேவையில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது கண்ணால் பார்த்தால் போதும்.

என் பெயரை இங்கே எங்கேயும் நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டேன். அங்கே போடட்டும்.